பழைய மேசைப் பல்மானி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கல்முனை வாசகர்: ஜப்பானிலிருந்து வந்த பழைய மேசைப் பல்மானியின் (மல்ரிமீற்றர்) பின்புறத்தில் 100 வோல்ற்று என்றுள்ளது. அப்படியே பிளக்கில் போடலாமா?

போட வேண்டாம், நமது மின்சாரம் 230 வோல்ற்று. பின்புறத்தில் தெரிவு ஆளி இருந்தால் அதை மாற்றி, கைநூல் அந்த அளவுக்குக் கூறும் உருகியையும் இடுங்கள். இல்லாவிட்டால் 100 வோல்ற்றுக்கு இறக்கும் நிலைமாற்றி தேவை. எவ்வாறாயினும் புவித்தொடுப்பைத் துண்டிக்காதீர்கள்.

மட்டக்களப்பு வாசகர்: எனது எச்.பி. 3478ஏ கருவியினுள் பழைய பற்றரி ஒன்றுள்ளது. கழற்றிவிட்டுப் புதியது போடலாமா?

இப்பதிலை இறுதிவரை வாசிக்கும்வரை அதைத் தொடாதீர்கள். இக்கருவியின் அளவுத்திருத்த எண்கள், அதாவது வாசிப்பைச் சரிப்படுத்தும் எண்கள், ஒரு நினைவகச் சில்லில் உள்ளன. கருவி அணைந்திருக்கும் வேளையில் அவற்றைக் காப்பது, பலகையில் பற்றாசு வைக்கப்பட்ட அந்த 3 வோல்ற்று லிதியம் பற்றரி மட்டுமே. அதைக் கழற்றினால் எண்கள் அழிந்துவிடும். கருவி இயங்கும், ஆனால் அதன் வாசிப்பை நம்ப முடியாது. லிதியம் பற்றரி கடைசிவரை அளவு குறையாமல் நின்று சட்டென்று விழும் இயல்புடையது என்பதால், 3 வோல்ற்று காட்டுகிறதே என்று ஆறுதல் கொள்ளவும் இயலாது. முதலில் ஜி.பி.ஐ.பி. எனப்படும், கருவியைக் கணினியுடன் தொடுக்கும் இணைப்பு வழியாக நினைவகத்தின் 256 இடங்களையும் கணினியில் பிரதி எடுத்து வையுங்கள். பின்னர் இரண்டு பென்டோர்ச் பற்றரிகளைத் தொடராக இணைத்து, ஓர் இருவாயியின் (டயோட்) ஊடாகப் பழைய பற்றரிக்குச் சமாந்தரமாகத் தொடுத்தால், பழையது கழன்ற கணத்தில் இவை பொறுப்பேற்கும். சூடேறிய பற்றாசுக்கோலை மின்னிலிருந்து கழற்றிய பின்பே பலகையில் வையுங்கள். புதியதைத் தாங்கியொன்றில் பொருத்தினால் அடுத்த முறை இந்தச் சிரமம் குறையும்.

காத்தான்குடி வாசகர்: மின்னோட்ட உருகியின் இடத்தில் முன்னைய உரிமையாளர் செப்புக் கம்பி சுற்றியிருக்கிறார்.

உடனே அகற்றுங்கள். கைநூல் குறிப்பிடும் உருகியையே இடுங்கள். மலிவான கண்ணாடி உருகி அதற்கு ஈடாகாது.

அக்கரைப்பற்று வாசகர்: மாரி காலத்தில் 10 மெகாஓம் தடை குறைவாகக் காட்டுகிறது.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் பலகையில் படிந்து மின்கசிவுப் பாதையாகியிருக்கலாம். 1000 மெகாஓம் கசிவே 10 மெகாஓமை 9.90 ஆக்கிவிடும். ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் கழுவி, நன்கு உலர்த்தி, ஒரு மணி நேரம் இயக்கிய பின் அளந்து பாருங்கள். எண்ணெய் கலந்த ஸ்பிரேயை அடிக்க வேண்டாம்.

கல்லடி வாசகர்: எச்.பி. 34401ஏ பல்மானி உள்ள எனது இன்வேர்ற்றர் திருத்தும் பட்டறையில் வெப்பநிலை 32 பாகை. ஏ.சி. அவசியமா?

அதன் துல்லியம் 18 முதல் 28 பாகை செல்சியஸ் வரைக்கே உறுதியளிக்கப்பட்டது. அளவுத்திருத்தம் செய்து ஓராண்டுக்குள், 10 வோல்ற்றை அளக்கையில் வழு 0.4 மில்லிவோல்ற்றுக்குள் இருக்கும். மேலதிகமான 4 பாகைக்கு இன்னும் 0.24 மில்லிவோல்ற்று சேரும். இன்வேர்ற்றர் திருத்துபவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஏ.சி. வாங்கும் பணத்தில் நல்ல சோதனை வயர் இரண்டு சோடி வாங்குங்கள்.