2.1 கிலோவில் பிறந்த மகள்

கேள்வி: என் மகள் பிறந்தபோது 2.1 கிலோதான். இப்போது மூன்று வயது, நன்றாக ஓடியாடுகிறாள். எடை குறைவாகப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. கர்ப்பத்தில் நான் சரியாகச் சாப்பிடாததுதான் காரணமா? இப்போது நிறைய ஊட்டினால் சரியாகிவிடுமா?

பதில்: நீங்கள் படித்தது பொய் இல்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷயரில், 1911-லிருந்து பிறந்த குழந்தைகளின் எடையைப் பிறந்ததும் ஒரு முறை, ஒரு வயதில் ஒரு முறை பார்த்து, தாய்ப்பாலா புட்டிப்பாலா என்பது வரை பேரேட்டில் கையால் எழுதி வைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற ஆராய்ச்சியாளரின் குழு அந்தப் பேரேடுகளைத் தேடிப்பிடித்து, அவர்களில் யார் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தது. 1989-ல் வெளியான முடிவு: பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்த ஆண்களிடையே இதய நோய் மரணங்கள் அதிகம்.

இது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. இதை வைத்து ஒரு குழந்தைக்கு ஜாதகம் எழுத முடியாது. பின்னாளில் புகை, ரத்த அழுத்தம், உடல் எடை, உடற்பயிற்சி என்று எத்தனையோ குறுக்கே வருகின்றன.

உங்கள் சாப்பாட்டைப் பற்றி: நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாதது, தாயின் ரத்த அழுத்தம், ரத்தசோகை, குறைமாதப் பிரசவம் என்று காரணங்கள் பல. இந்த ஆராய்ச்சிகளைச் செய்தியாக்கும்போது பழியைத் தாயின் தலையில் கட்டுகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

இனி ஊட்டும் விஷயம். இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1934-க்கும் 1944-க்கும் இடையே பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பிற்காலத்தில் இதய நோய் வந்தவர்கள் பொதுவாகப் பிறக்கும்போது சிறியவர்களாகவும் இரண்டு வயதில் ஒல்லியாகவும் இருந்து, அதற்குப் பிறகு வேகமாக எடை போட்டவர்கள். அதாவது முதல் இரண்டு வருட வளர்ச்சி நல்லது. அப்புறம் எடை மட்டும் மளமளவென்று ஏறுவதுதான் யோசிக்க வேண்டியது. அதனால் அவள் வாயை மூடி முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள், ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ வேண்டாம்.

எடையை மட்டும் பார்க்காமல் உயரத்தையும் சேர்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். எத்தனை வாரத்தில், எவ்வளவு எடையில் பிறந்தாள் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் சொல்லி, ரத்த அழுத்தம் எப்போதெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.