கார்டுகள் ஏன் நகரவில்லை?

கேள்வி: நாங்கள் 7 பேர், 5 டெவலப்பர், 2 டெஸ்டர். மூன்று மாதமாக ஜிரா என்ற வேலை மேலாண்மை மென்பொருளில் கான்பன் போர்டு (ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாக்கி, கட்டம் கட்டமாக நகர்த்தும் பலகை) வைத்திருக்கிறோம். 'செய்ய வேண்டியவை', 'நடப்பவை', 'முடிந்தவை' என்று மூன்று கட்டங்கள். நடுக் கட்டத்தில் எப்போதும் 20 கார்டுக்கு மேல் கிடக்கிறது. வாரத்துக்கு 7 முடிந்தாலே பெரிது. பழையபடி ஸ்பிரின்ட்டுக்கே (குறித்த சில வாரங்களுக்கு மொத்தமாகத் திட்டமிட்டு வேலை செய்யும் முறை) போய்விடலாமா?

பதில்: இப்போதே போக வேண்டாம். உங்களிடம் இருப்பது வேலைப் பட்டியல்தான். கான்பன் இன்னும் தொடங்கவே இல்லை. டொயோட்டா கார் ஆலையில் பொறியாளர் தாய்ச்சி ஓனோ இதைக் கொண்டுவந்தபோது கார்டு என்பது அனுமதிச் சீட்டு. உதிரிபாகத்தை எடுத்துப் பயன்படுத்தினால்தான் கார்டு திரும்பி வரும். வந்தால்தான் அடுத்ததைச் செய்யலாம். உங்கள் போர்டில் இல்லாதது அந்தத் தடைதான். ஒரே நேரத்தில் கையில் எத்தனை வேலை இருக்கலாம் என்ற அந்த வரம்பை 'விப் லிமிட்' என்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். கையில் 21 கார்டு, வாரத்துக்கு 7 முடிகிறது என்றால் ஒரு கார்டு வெளியேற சராசரியாக 3 வாரம். அதே வேகத்தில் கையில் 9 மட்டும் இருந்தால் 9 நாள். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உட்கார வேண்டியதில்லை.

முதலில் 'நடப்பவை'யை உடையுங்கள்: டெவலப்மென்ட் 4, ரிவியூ 2, டெஸ்டிங் 3. இந்த எண்கள் வேதவாக்கு அல்ல, இரண்டு வாரம் பார்த்து மாற்றுங்கள். இப்போதுள்ள 21-இல் யாரும் இன்னும் தொடாததை முதல் கட்டத்துக்கே திருப்பி அனுப்புங்கள். எண்ணிக்கை வரம்புக்குள் இறங்கும்வரை புதிதாக எதையும் எடுக்காதீர்கள்.

அப்புறம்தான் உண்மையான சோதனை. புதன்கிழமை காலை ஒரு டெவலப்பர் லாகின் பக்கத்தை முடிக்கிறார். ரிவியூவில் 2, டெஸ்டிங்கில் 3, எல்லாம் நிரம்பியிருக்கிறது. கார்டைத் தள்ள முடியாது. அது டெவலப்மென்ட்டிலேயே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் புதிதாக எடுக்கவும் முடியாது. மேனேஜர் 'சும்மா இருக்கிறாரே' என்று பதறுவார். தயவுசெய்து இந்த இடத்தில் வரம்பைத் தளர்த்தாதீர்கள். அந்த டெவலப்பர் டெஸ்டர் பக்கத்தில் போய் உட்காரட்டும். டெஸ்ட் டேட்டா தயார் செய்யலாம், திரும்பி வந்த பிழையைச் சரிசெய்யலாம், இன்னொருவர் எழுதியதைச் சோதிக்கலாம். அடைப்பு டெஸ்டிங்கில் இருக்கிறது என்பது மூன்று மாதமாக உங்கள் கண்ணில் படாதது. இப்போது ஒரே காலையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என் கருத்தில் கான்பன் போர்டின் முழுப் பயனும் இதுதான்.

தினசரி ஸ்டாண்ட்-அப்பில் (நின்றபடி நடத்தும் குறுங்கூட்டம்) 'நேற்று என்ன செய்தாய்' என்று ஆள் ஆளாகக் கேட்பதை விடுங்கள். போர்டை வலமிருந்து இடமாகப் படியுங்கள். முடியப்போகும் கார்டுக்கு முதல் பேச்சு. கிளையன்ட் பதிலுக்குக் காத்திருக்கும் கார்டில் சிவப்புக் குறி வையுங்கள், ஆனால் தனிக் கட்டத்துக்குத் தள்ளாதீர்கள். அது வரம்பில் எண்ணப்பட்டால்தான் யாராவது போன் எடுத்துக் கேட்பார்கள். அவசர வேலைக்கு ஒரே ஒரு இடம் போதும்.

2004-இல் மைக்ரோசாஃப்டின் ஹைதராபாத் பராமரிப்புக் குழு ஒன்று, நாள் மதிப்பீடு போடுவதை நிறுத்திவிட்டுக் கையிலிருந்த வேலைக்கு வரம்பு வைத்தது. மாதக்கணக்கில் காத்திருந்த கோரிக்கைகள் வாரக்கணக்கில் முடியத் தொடங்கின. நீங்களும் ஆறு வாரம் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கார்டிலும் தொடங்கிய தேதியையும் முடிந்த தேதியையும் எழுதி வையுங்கள். ஸ்பிரின்ட்டா கான்பனா என்பதை அந்தத் தேதிகளைப் பார்த்து முடிவு செய்யலாம்.