ஈஸ்ட் இல்லாத சினமன் ரோல், சர்க்கரையும் குறைவாக: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சினமன் ரோல் (பட்டைத்தூள் தூவிச் சுருட்டிச் சுடும் இனிப்பு பன்) பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அளவு கேட்டு வந்தவை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த அளவை மனதில் வைத்து எழுதியவை.

கோதுமை மாவு 1 கப், மைதா 1 கப் (இரண்டும் சேர்த்து 240 கிராம்), பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், ஆப்ப சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன். இதில் 50 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் பிசறி, முக்கால் கப் கெட்டித் தயிர் விட்டு ஒன்றாகச் சேர்க்கவும். பத்து நிமிடம் மூடி வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் செவ்வகமாகத் தேய்க்கவும். மேலே பூரணமாக 2 டேபிள்ஸ்பூன் இளகிய வெண்ணெய், 3 டேபிள்ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, 2 டீஸ்பூன் பட்டைத்தூள். பாய் போலச் சுருட்டி, 8 துண்டாக வெட்டி, பேக்கிங் அவனில் 190 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம் வேகவிடவும்.

கேள்வி: ஈஸ்ட் உடம்புக்கு ஆகாது என்கிறார்களே அக்கா, அதை விட்டாலே ரோல் ஆரோக்கியமாகிவிடுமா? (பெரம்பூர்)

ஆகாது. ஈஸ்ட் ஒரு குற்றமும் செய்யவில்லை. அடுப்புச் சூட்டில் அது செத்துவிடும், உங்கள் வயிற்றுக்குள் போய்ப் பொங்கப் போவதில்லை. ஈஸ்ட்டை விடுவதில் கிடைக்கும் லாபம் நேரம்தான். மாவு இரண்டு முறை உப்பும்வரை காத்திருக்க வேண்டாம், முக்கால் மணி நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும். அதற்கு ஒரு விலை உண்டு. டீக்கடை பன் போல இழை இழையாகப் பிய்த்து எடுக்க முடியாது, கொஞ்சம் உதிரும் தன்மையோடுதான் இருக்கும். அதை எதிர்பார்த்துச் செய்தால் ஏமாற்றம் இல்லை. ஆரோக்கியம் என்ற பேச்சு சர்க்கரையிலும், எத்தனை சாப்பிடுகிறோம் என்பதிலும்தான் இருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்குச் சுகர். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டால் தாராளமாகச் சாப்பிடலாமா? (வியாசர்பாடி)

அதிகம் பேர் கேட்பது இதுதான். அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையைத்தான் ஏற்றும். கொஞ்சம் தாதுச்சத்து கூடுதலாக இருக்கும், ஆனால் ஒரு ரோலில் போகும் அளவுக்கு அது கணக்கில் வராது. நான் பூரணத்துக்கு நாட்டுச் சர்க்கரை சொல்வது அதன் வாசனைக்காக. பட்டையோடு சேரும்போது குறைந்த அளவிலேயே இனிப்பு தூக்கலாகத் தெரியும். பேரீச்சம்பழ விழுதும் அப்படித்தான். நார்ச்சத்து இருக்கிறது, நல்லது. ஆனால் உலர்ந்த பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையே.

கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன அளவில் மாவுக்கு 12 கிராம், பூரணத்துக்கு 36 கிராம் என்று 48 கிராம் சர்க்கரை சேர்கிறது. எட்டாகப் பிரித்தால் ரோல் ஒன்றுக்கு 6 கிராம். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்கட்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதன் சாரம் (நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு). அந்தக் கணக்கில் 6 கிராம் மோசமில்லை. ஆனால் அப்பாவுக்கு இது மட்டும் கணக்கில்லை. மாவிலேயே 22 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அதுவும் சர்க்கரையாகத்தான் மாறும். ஆக ஒரு ரோல் கிட்டத்தட்ட இரண்டு சப்பாத்தி சாப்பிட்ட கணக்கு. மாலை டிபனுக்குப் பதிலாக ஒன்று கொடுங்கள், டிபனுக்கு மேல் ஒன்று வேண்டாம். இன்சுலின் போடுகிறார் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

செயற்கை இனிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அஸ்பார்டேம் வகை அடுப்பில் இனிப்பை இழந்துவிடும், பேக்கிங்குக்கு உதவாது. செடியிலிருந்து எடுக்கும் ஸ்டீவியா சூட்டைத் தாங்கும், ஆனால் நாக்கில் லேசான கசப்பு நிற்கும். உடல் எடையைக் குறைக்க இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொன்னது. அந்த அறிவுரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கானது அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். என் விருப்பம், உண்மையான சர்க்கரையைக் குறைவாகப் போடுவது.

கேள்வி: சர்க்கரையைக் குறைத்தால் சப்பென்று இருக்கிறது. என்ன செய்ய? (வண்ணாரப்பேட்டை)

மாவுக்குள் போடும் சர்க்கரை நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது, பூரணத்தில் போடுவது உடனே தெரியும். அதனால் குறைக்க வேண்டிய இடம் மாவு. அங்கே முழுக்கவும் எடுத்துவிடாதீர்கள். மேல்புறம் சிவக்கவும் உள்ளே ஈரம் நிற்கவும் அந்த ஒரு டேபிள்ஸ்பூன் தேவை. மாவில் அரை டீஸ்பூன் ஏலக்காய்த்தூள் போட்டுப் பாருங்கள். அக்டோபர் 4 அன்று இந்த ரோலுக்கென்று ஒரு நாளே கொண்டாடுகிற சுவீடன்காரர்கள் மாவில் ஏலக்காய் சேர்ப்பது வழக்கம். பாயசம் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு ஏலக்காய் வாசனை வந்தாலே இனிப்பு நினைவு வந்துவிடும்.

கேள்வி: கல் மாதிரி வந்துவிட்டது மேடம். பேக்கிங் பவுடர் கூடுதலாகப் போடட்டுமா? (திருவொற்றியூர்)

போடாதீர்கள், கசக்கும். நீங்கள் சப்பாத்திக்குப் பிசைவது போல அடித்துப் பிசைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஈஸ்ட் மாவுக்கு அது சரி. இந்த மாவில் பிசையப் பிசையப் பசைத்தன்மை இறுகி, பேக்கிங் பவுடர் விடும் காற்றால் அதைத் தூக்க முடியாமல் போகும். மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். மேடு பள்ளமாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு சந்தேகம் உங்கள் பேக்கிங் பவுடர் மேலேயே இருக்கிறது. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்பே கட்டி தட்டிப்போகும், டப்பா திறந்திருந்தால் பேக்கிங் பவுடரும் ஈரம் இழுத்துச் சக்தியை இழக்கும். அரை டீஸ்பூன் எடுத்து வெந்நீரில் போடுங்கள். புஸ்ஸென்று பொங்கினால் நல்லது, சும்மா கரைந்தால் தூக்கிப் போடுங்கள். அப்புறம், வெட்டிய ரோலைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போகக் கூடாது. தயிர் பட்டதுமே சோடா வேலையைத் தொடங்கிவிடும். அடுப்பு அதற்கு முன்பே சூடாகி இருக்க வேண்டும்.

கேள்வி: பூரணம் உருகி அடியில் ஒழுகிக் கருகுகிறது. (ராயபுரம்)

வெண்ணெய் உருகுவது 32 முதல் 35 டிகிரியில். மே மாதத்தில் நம் சமையலறையே அந்தச் சூடுதான். சுருட்டிய உருளையை இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வெட்டுங்கள். கத்திக்குப் பதில் பூக்கட்டும் வெள்ளை நூலை அடியில் கொடுத்து, மேலே குறுக்காக இழுத்தால் நசுங்காமல் வெட்டும். நாட்டுச் சர்க்கரையோடு ஒரு டீஸ்பூன் கோதுமை மாவு கலந்தால் பாகு ஒழுகாமல் உள்ளேயே நிற்கும்.

கேள்வி: பிரியாணிக்கு வாங்கும் பட்டையே போதுமா, வேறு வாங்க வேண்டுமா? (தண்டையார்பேட்டை)

பிரியாணிப் பட்டை பெரும்பாலும் காசியா வகை. கனமாக, மரப்பட்டை போல முரடாக, ஒரே அடுக்காக இருக்கும். இலங்கைப் பட்டை மெல்லிய தாள்கள் பலவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டியது போல இருக்கும், விரலால் நொறுக்கலாம், வாசனை மென்மையாக இருக்கும், விலையும் கூட. சென்னை கோவிந்தப்ப நாயக்கன் தெரு மளிகை மொத்தக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள், தூளாக வாங்க வேண்டாம்.

ருசியை விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், அதிக அளவில் தொடர்ந்து போனால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கலாம். 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு நாளுக்கு 2 கிராம், 15 கிலோ குழந்தைக்கு அரை கிராம் என்று காசியாவுக்கு ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் வரம்பு சொல்லியிருக்கிறது. நம் ரோல் ஒன்றில் அரை கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். எப்போதாவது சாப்பிட்டால் கவலையே இல்லை. பிள்ளைக்கு தினமும் டிபன் பாக்ஸில் வைக்கிறீர்கள் என்றால் இலங்கைப் பட்டைக்கு மாறுங்கள். பட்டை சாப்பிட்டால் சுகர் இறங்கும் என்று நம்பி அள்ளிப் போடவும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு பிபி இருக்கிறது. ரோல் ஒத்துக்கொள்ளுமா? (தண்டையார்பேட்டை, இன்னொருவர்)

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. ஈஸ்ட்டை விட்டுவிட்டு பேக்கிங் பவுடருக்கும் சோடாவுக்கும் போகும்போது சோடியம் ஏறுகிறது. உப்பு, பவுடர், சோடா மூன்றும் சேர்ந்து ரோலுக்குச் சுமார் 300 மில்லிகிராம் வரும். நாளுக்கு 2000 மில்லிகிராமுக்குள் என்பதே பொதுவான வரம்பு. உப்பைக் கால் டீஸ்பூனாக்குங்கள், உப்பில்லாத வெண்ணெய் வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் பேக்கிங் அவன் இல்லை. குக்கரில் செய்யலாமா? (கொளத்தூர்)

செய்யலாம், ஆனால் தண்ணீரில்லாமல் குக்கரைக் காயவிடுவது குக்கருக்கு நல்லதல்ல. அடி கனமான பழைய பிரியாணிச் சட்டி இருந்தால் அது மேல். உள்ளே ஒரு ஸ்டாண்டு, இறுக்கமான மூடி, பத்து நிமிடம் சூடேற்றி, பிறகு சிறு தீயில் 30 முதல் 35 நிமிடம். மேல்புறம் வெளுத்தே இருக்கும். தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி ஒரு நிமிடம் கவிழ்த்து எடுங்கள்.

கேள்வி: கேழ்வரகு மாவு சேர்க்கலாமா? மேலே ஊற்றும் வெள்ளைக் கிரீம்? (மாதவரம்)

கேழ்வரகு அரை கப் வரை சேர்க்கலாம், கோதுமையில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் சுருட்டும்போது விண்டுபோகும். கிரீமுக்குத் துணியில் கட்டி நீர் வடித்த தயிர், ஒரு டீஸ்பூன் தேன், வெனிலா. ரோல் நன்றாக ஆறிய பிறகே தடவ வேண்டும்.

கேள்வி: வீட்டிலிருந்து விற்கிறேன். ‘லோ சுகர்’ என்று லேபிள் ஒட்டலாமா? (பெரம்பூர்)

இந்த அளவுக்கு ஒட்டக் கூடாது. திட உணவில் 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அப்படிச் சொல்ல இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி இடம் தராது. ‘சுகர் ஃப்ரீ’க்கு வரம்பு அரை கிராம். நம் ரோல் 60 கிராம் சொச்சம் எடை, அதில் 6 கிராம் சர்க்கரை, ஆக 100 கிராமுக்குப் பத்து கிராம் அளவில் நிற்கிறது. நாட்டுச் சர்க்கரை போட்டுவிட்டு ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்றும் எழுத முடியாது. ‘சர்க்கரையும் நாட்டுச் சர்க்கரையுமாக ரோல் ஒன்றுக்கு சுமார் 6 கிராம் சேர்த்தது’ என்று உள்ளதை எழுதுங்கள்.

அன்றன்று செய்து அன்றே கொடுங்கள். சர்க்கரை குறைந்த ரோல் மறுநாளே வறண்டுவிடும், ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். மிஞ்சியதைத் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டு, வேண்டும்போது தோசைக்கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.