கழிவு போக எவ்வளவு?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 26. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். முகாமைத்துவப் பட்டம் முடித்து இரண்டு வருடமாக ஹட்டனில் ஒரு லீசிங் கம்பனிக் கிளையில் வேலை செய்கிறேன். கையில் 72,000 ரூபா வருகிறது. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒரு வருட முழுநேர எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் பதினொன்றரை இலட்சம். ‘படித்து ஆறு மாதத்தில் 95 வீதம் பேருக்கு வேலை, சராசரிச் சம்பளம் இரண்டரை இலட்சம்’ என்று அவர்களுடைய புத்தகத்தில் போட்டிருக்கிறது. அம்மா 28 வருடம் கொழுந்தெடுத்து இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), சேவைக்காலப் பணம் எல்லாம் சேர்ந்து 13 இலட்சம் வந்திருக்கிறது. “குசினிக் கூரையை அப்புறம் பாத்துக்கலாம், நீ படி” என்கிறார். அண்ணன் வேண்டாம் என்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் முற்பணம் கட்டினால் கட்டணத்தில் 10 வீதம் கழிவு உண்டாம். என்ன செய்வது அக்கா?
- பெயர் வேண்டாம், பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, படிப்பு, சம்பளம், கட்டணம் என்று எழுதிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு குசினிக் கூரையைச் சொருகி வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு காட்டுகிற கிலோவும், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் விழுகிற கிலோவும் ஒன்றில்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாக்குக்கு, தண்ணிக்கு, முற்றல் இலைக்கு என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். கழிவு போக எத்தனை கிலோ என்றுதான் அம்மா 28 வருடமும் கேட்டிருப்பார். அந்தப் பளபளப்பான புத்தகத்தையும் அதே தராசில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் அந்த 95 வீதம். நானும் கொழும்பில் ஓர் இடத்தில் வார இறுதி வகுப்பில் எம்.பி.ஏ. செய்தவள்தான். அப்போது கண்டியில் ஒரு கம்பனியின் ஆளணிப் பிரிவில் எனக்கு எட்டு வருடச் சேவை. படிப்பு முடிந்து சில மாதம் போனதும் அங்கிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். “மிஸ், இப்ப வேலை செய்றீங்களா?” “ஆமா.” “என்ன பதவி? சம்பளம் எவ்வளவுன்னு சொல்ல விருப்பமா?” சொன்னேன். அடுத்த வருடம் அவர்களுடைய புத்தகத்தில் ‘எங்கள் பட்டதாரிகளை வேலைக்கு அமர்த்திய நிறுவனங்கள்’ என்ற பக்கத்தில் எங்கள் கம்பனியின் சின்னமும் இருந்தது. எட்டு வருடமாக நான் உட்கார்ந்திருந்த அதே கதிரை! அவள் பொய் எழுதவில்லை. அந்த வேலை எப்போது கிடைத்தது என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே எம்.பி.ஏ. படிக்கிறவர்களில் அதிகம் பேர் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகம் போன்ற இடங்களில் வேலை அனுபவம் இல்லாமல் எடுக்கவே மாட்டார்கள். சனி ஞாயிறு வகுப்புக்கு வருகிறவர் வெள்ளிக்கிழமை வரை ஓர் அலுவலகத்தில் இருந்துவிட்டுத்தான் வருகிறார். அப்படிப்பட்டவர்களை வைத்து ‘95 வீதம் பேருக்கு வேலை’ என்று சொல்வது, மீன் வியாபாரிக்கு மீன் கிடைத்தது என்று சொல்வது மாதிரி.

இன்னொன்று, யாரை வைத்து எண்ணினார்கள்? 60 பேர் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். 40 பேர் போனுக்குப் பதில் சொன்னார்கள். அதில் 38 பேர் வேலையில் இருந்தார்கள். 40இல் 38 என்றால் 95 வீதம். சேர்ந்த 60 பேரை வைத்துப் பார்த்தால் 63 வீதம்தான். வேலை கிடைக்காதவர் இப்படியான போனை எடுப்பதும் குறைவு. ஆளணிப் பிரிவில் இருந்த காலத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் பெரிய முகாமைத்துவக் கல்லூரிகள் பொதுவான ஒரு முறைப்படி கணக்குக் காட்டுகின்றன. படிப்பு முடிந்து மூன்று மாதத்தில் எத்தனை பேருக்கு வேலை என்று சொல்ல வேண்டும். பழைய கம்பனியே செலவு கொடுத்து அனுப்பியவர்கள், சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள் எல்லாம் ‘வேலை தேடாதவர்’ என்று தனியாகப் போவார்கள். விவரம் தெரியாதவர்களையும் தனியாகக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டியதால்தான் ஹார்வர்ட் மாதிரி இடத்திலேயே, 2024இல் முடித்து வேலை தேடியவர்களில் 23 வீதம் பேர் மூன்று மாதம் கழித்தும் வேலையில்லாமல் இருந்தார்கள் என்று ஊருக்கே தெரிந்தது. 2022இல் அது 10 வீதமாக இருந்தது. ஹார்வர்டில் அப்படி என்றால், ஆறு மாதத்தில் 95 என்கிற நம்ம ஊர் நிறுவனத்திடம் கணக்கு எப்படிப் போட்டீர்கள் என்று கேட்பதில் ஒரு குற்றமும் இல்லை.

உலகத் தரவரிசையில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்று சொன்னார்களா? பைனான்சியல் டைம்ஸ் வெளியிடும் எம்.பி.ஏ. தரவரிசையில் வருகிற சம்பளம், படித்து மூன்று வருடம் கழித்து வாங்கும் சம்பளம். அதையும் ஒவ்வொரு நாட்டு விலைவாசிக்கு ஏற்ப மாற்றித்தான் டொலரில் போடுகிறார்கள். யாருடைய கையிலும் அந்தத் தொகை அப்படியே விழுவதில்லை.

இப்போது அந்த இரண்டரை இலட்சம். சாதாரண தரக் கணிதத்தில் இடை, இடையம், ஆகாரம் என்று படித்தது ஞாபகம் இருக்கிறதா? நானே ஓர் உதாரணம் போடுகிறேன். ஏழு பேர். சம்பளம் வரிசையாக 80,000, 90,000, 100,000, 120,000, 140,000, 170,000. ஏழாவது ஆள் தகப்பனுடைய கம்பனியில் பணிப்பாளர், மாதம் பத்தரை இலட்சம். கூட்டிப் பிரித்தால் சராசரி சரியாக இரண்டரை இலட்சம்! ஆனால் ஏழு பேரில் ஆறு பேர் அந்தத் தொகையைக் கண்ணாலும் காணவில்லை. நடுவில் நிற்கிறவருக்கு 120,000. அதுதான் இடையம். நீங்கள் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

சரி, உங்களுக்கே இரண்டரை இலட்சத்துக்கு வேலை கிடைக்கிறது என்று வைப்போம். ‘பெக்கேஜ்’ என்று சொன்னால் உடனே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கம்பனி உங்களுக்காகக் கட்டும் ஈ.பி.எஃப். 12 வீதம், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் இரண்டையும் அதற்குள்ளேயே சேர்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியென்றால் உண்மையான சம்பளம் 217,391. அதில் உங்களுடைய பங்கு 8 வீதம் ஈ.பி.எஃப்புக்குப் போனால் 200,000. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 வரை வருமான வரி இல்லை, அதற்கு மேல் முதல் படிக்கு 6 வீதம். அதில் இன்னும் நாலாயிரம் போகும். கையில் வருவது கிட்டத்தட்ட 196,000. நல்ல சம்பளம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தராசில் 250, செக்ரோலில் 196.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. முழுநேரப் படிப்பு என்பதால் வேலையை விட வேண்டும். 72,000 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 864,000 போகிறது. 10 வீதக் கழிவு போகக் கட்டணம் 1,035,000. கொழும்பில் போடிங், சாப்பாடு, மாதம் ஒருமுறை கோச்சியில் வீட்டுக்கு வந்து போவது என்று மாதம் 35,000 போட்டேன். நீங்கள் சிக்கனமான பிள்ளை என்று நினைத்துப் போட்ட தொகை. அது 420,000. எல்லாம் சேர்த்து 23 இலட்சத்து 19 ஆயிரம். கட்டணம் பதினொன்றரை என்று நீங்கள் எழுதியதைப் போல இரண்டு மடங்கு!

படித்து முடித்து 120,000க்கு வேலை கிடைத்தால், ஈ.பி.எஃப். போகக் கையில் 110,400. இப்போது வாங்குவதை விட 38,400 கூட. கொழும்புச் செலவு 35,000 போனால் மிச்சம் 3,400 ரூபா. மாதம் 3,400ஐ வைத்துக்கொண்டு 23 இலட்சத்தை எந்தக் காலத்தில் மீட்பது? அதே நேரம் 196,000 கையில் வந்தால் செலவு போக மாதம் 89,000 மிஞ்சும். 26 மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, ஒரே சான்றிதழ். அந்த ஏழு பேர் வரிசையில் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பதுதான் முழு விஷயமும்.

இதில் நான் மனதில் பட்டதை மறைக்க மாட்டேன். இரண்டு வருட அனுபவத்தோடு போனால் வரிசையின் முன்பாதியில், சம்பளம் குறைந்த பக்கத்தில்தான் நிற்பீர்கள். ஆட்களை எடுக்கிற மேசையில் இருந்து பார்த்தவள் நான். எம்.பி.ஏ. என்று எழுதியிருந்தால் அடுத்த வரியில் எத்தனை பேரை மேய்த்திருக்கிறார், எவ்வளவு பெரிய தொகைக்குப் பொறுப்பாக இருந்திருக்கிறார் என்றுதான் பார்ப்போம். அங்கே ஒன்றும் இல்லையென்றால் எம்.பி.ஏ.க்குத் தனியாகச் சம்பளம் போட யாரும் இல்லை. ஆறேழு வருடம் வேலை செய்து, உதவி முகாமையாளர் கதிரைக்கு முன்னால் நிற்கிறவருக்கு அதே பட்டம் கதவைத் திறந்துவிடும். படிப்பில் குறையில்லை, உங்களுக்கு அது கொஞ்சம் சீக்கிரம்.

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. நிதித்துறையில் இருக்கிறீர்கள், இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகளைப் பாருங்கள். கணக்கில் பிடிப்பு இருந்தால் சீமா (CIMA) என்கிற முகாமைத்துவக் கணக்கியல் படிப்பு. இதிலெல்லாம் ஒவ்வொரு பாடமாகக் கட்டிப் படிக்கலாம், வேலையை விட வேண்டாம், ஒரு பாடம் தவறினாலும் அம்மாவின் காசு முழுகாது. அப்புறம், கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்று. ஹட்டன் கிளையில் இருக்கிறீர்கள் என்றால் தமிழும் சிங்களமும் நன்றாகப் பேசுவீர்கள், கடிதம் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். மூன்று மொழியில் வாடிக்கையாளரைக் கையாளத் தெரிந்த ஆளைத் தேடி நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வசூல் பக்கமே வைத்திருந்தால், கடன் மதிப்பீட்டுப் பக்கம் மாற்றித் தரும்படி முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கண்டிக்குப் போகச் சொன்னால் போங்கள். மூன்று நாலு வருடம் கழித்து அரசப் பல்கலைக்கழகத்தின் வார இறுதி எம்.பி.ஏ. ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம், கம்பனியே பாதிச் செலவைத் தருமா என்று கேட்கிற இடத்தில் அப்போது இருப்பீர்கள்.

இதையெல்லாம் கேட்டும் அந்த நிறுவனத்தின் மேல்தான் மனம் நிற்கிறதென்றால், முற்பணத்துக்கு முன் ஒரு ஈமெயில் போடுங்கள். போன வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள், சேரும்போது வேலையில்லாமல் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களுடைய இடையச் சம்பளம் என்ன, அது அடிப்படைச் சம்பளமா பெக்கேஜா? பட்டம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9ஆம் மட்டமா 10ஆம் மட்டமா, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்பதையும் கேளுங்கள். நாளைக்கு அரச வேலைக்குப் போனால் அங்கேதான் இடிக்கும். போனில் பதில் சொல்கிற பிள்ளையோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவளுக்கும் மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று மேலே இருந்து நெருக்குகிறார்கள்; அந்தக் ‘கடைசித் தேதி’ உங்களுடையது இல்லை, அவளுடையது. பதில் எழுத்தில் வர வேண்டும் என்று மட்டும் நில்லுங்கள். வராவிட்டால் அதுவே பதில்.

இனிக் கூரை. சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் வருவது. 28 வருடத்துக்கு 392 நாள். நாளுக்கு 1,350 என்று போட்டால் 529,200 ரூபா. அந்த நிறுவனம் ஒரு வருடத்துக்குக் கேட்பது அதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தோட்டத்துக் கணக்கில் கிட்டத்தட்ட 767 பேர், அதாவது 767 நாள் முழு வேலை. கிலோ குறைந்தால் அரைப் பேர் போட்ட நாட்களையும் தாண்டிச் சேர்த்த காசு அது. அம்மா “படி” என்று சொல்வார்தான். எந்த அம்மா வேண்டாம் என்பார்? அவர் தருகிறார் என்பதற்காக நீங்கள் எடுக்க வேண்டியதில்லை. அண்ணன் சொல்வதில் கோபம் இருக்கலாம், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அந்த 13 இலட்சத்தை அம்மாவின் பெயரிலேயே நிலையான வைப்பில் போடுங்கள். அதற்கு முன் கூரைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் பிறந்தால் உங்கள் பக்கம் மழை எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்து நோர்வூட் பஸ் பிடிக்கிறதுக்கு முன்னால் ஹட்டன் டவுனில் ஒரு ஹாட்வெயாரில் தகரம் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு போங்கள்.