புயல் நின்ற மறுநாள்

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், ஜனவரியில் நண்பர்களோடு மணாலிக்கு மேலே பனிமலை ஏறப் போகிறானாம். "புயல் அடித்தால் கூடாரத்துக்குள் இருப்போம், வானம் வெளுத்ததும் கிளம்புவோம், பனிச்சரிவெல்லாம் ஒன்றும் செய்யாது" என்கிறான். நம்பலாமா?
– ஒரு வாசகி, நீடாமங்கலம்

பட்டாளத்துக்காரர் பதில்: புயலில் வெளியே போகமாட்டேன் என்கிற வரைக்கும் புத்திசாலிப் பிள்ளைதான் அம்மா. வானம் வெளுத்ததும் கிளம்புவோம் என்கிறானே, அங்கேதான் இடிக்கிறது.

கொள்ளிடத்தில் எப்போது வெள்ளம் வருகிறது? குடகில் கொட்டி, மேட்டூர் நிரம்பி, இங்கே சுள்ளென்று வெயில் காயும் நாளில் தண்ணீர் கரையைத் தொடும். பனிமலையும் அப்படித்தான். பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை புயலின்போதோ, அது ஓய்ந்த ஒரு நாளுக்குள்ளோ இறங்குகின்றன. அன்றைக்கு வானம் நீலமாக இருக்கும், எல்லாருக்கும் போட்டோ எடுக்கத் தோன்றும்.

காஷ்மீரில் என் முதல் குளிர்காலம். அப்படியொரு பளிச்சென்ற காலையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். காலடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் யாரோ நெல் மூட்டையை இறக்கியது போல. பனியில் ஒரு விரிசல் என் பூட்ஸைத் தாண்டி ஓடியது. முன்னால் போன ஹவில்தார் கையைத் தூக்கினார், அத்தனை பேரையும் வந்த வழியே திருப்பினார். கிழவர் பயந்தாங்கொள்ளி என்று நான் முணுமுணுத்தேன். மறுநாள் பார்த்தால் அந்தச் சரிவையே காணோம். மேலே கத்தியால் அல்வா வெட்டிய மாதிரி ஒரு கோடு மட்டும் நின்றது.

வைக்கோல் போர் போட்டவர்களுக்கு இது புரியும். அடிவரிசை வழுவழுவென்று இருந்தால், மேலே போட்டது பாரம் ஏறியதும் மொத்தமாக நழுவும். பழைய பனி பல நாள் குளிரில் கிடந்தால் சீனி மாதிரி உதிரிக் குருணையாகிவிடும், ஒட்டவே ஒட்டாது. அதன்மேல் புதுப்பனி பலகை போல இறுகி உட்காரும். ஒரு ஆள் மிதித்தால் போதும்.

அதனால் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஒரு அடி புதுப்பனி விழுந்திருந்தால் கிளம்பவே வேண்டாம். காற்றும் வில்லங்கம், முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கம் குவிக்கும். புதுப்பனி விழாத நாளிலும் அந்த மறுபக்கத்தில் பாரம் ஏறிக்கொண்டே இருக்கும். சரிவின் சாய்வு 30 முதல் 45 டிகிரி என்றால் மோசம். இதைப் பையன் போனிலேயே அளக்கலாம். முக்கியமாக, தான் நடக்கும் இடம் சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். கூடாரம் போடும் இடத்துக்கும் இதே கணக்குதான். மத்திய அரசின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற ஆய்வகம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைக் கேட்காத வழிகாட்டி வழிகாட்டியே இல்லை.

புதைந்தால்? முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கலாம். அதற்குப் பிறகு வாய்ப்பு மளமளவென்று சரியும். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பத்துப் பேர் புதைந்தார்கள், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்களில் ஒருவரான ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தது அதிசயம்; அவரும் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கீழேயிருந்து ஆள் வரும்வரை நேரம் நிற்காது, கூட வந்தவன்தான் தோண்ட வேண்டும். ஒவ்வொருவரிடமும் புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே ஒரு செட் இருக்கிறது என்று சொன்னால், அதை வைத்திருப்பவனே புதைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

நீங்கள் எப்படியும் புளியோதரைப் பொடி கட்டிக் கொடுக்கத்தான் போகிறீர்கள். கொடுங்கள். அப்புறம், திரும்புகிற டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடச் சொல்லுங்கள். டிக்கெட் தேதிக்குப் பயந்து மறுநாளே கிளம்பிய கூட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.