‘லேசான ஹேஸ்தான், படத்தைப் பாதிக்காது’

கேள்வி: என்னிடம் லைக்கா எம்3 ஃபிலிம் கேமரா இருக்கிறது. ஜப்பானில் ஒருவர் கேனன் 50 எம்எம் எஃப்/1.2 ஸ்க்ரூ மவுண்ட் (திருகி மாட்டும்) லென்ஸ் விற்கிறார். “லேசான ஹேஸ் உண்டு, படத்தைப் பாதிக்காது” என்று போட்டிருக்கிறார். விலை மற்றவர்களைவிடக் குறைவு. வாங்கலாமா?

பதில்: இவ்வளவு விவரத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

விலை ஏன் குறைவு என்று அவரே எழுதிவிட்டார், நீங்கள்தான் அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதியைப் படிக்கிறீர்கள். 1956-ல் வந்த லென்ஸ் இது. அந்தக் காலத்துக் கேனன் ஸ்க்ரூ மவுண்ட் லென்ஸ்களில், அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) பிளேடுகளுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் வெள்ளையாகப் படலம் கட்டுவது, அதாவது ஹேஸ், சர்வசாதாரணம். இதில் பேர்போனது 50 எஃப்/1.8, ஆனால் 1.2-ம் தப்பவில்லை. வெறும் எண்ணெய்ப் படலமாக இருந்தால் துடைத்ததும் போய்விடும், வருஷக்கணக்கில் அப்படியே கிடந்து கண்ணாடியை அரித்திருந்தால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. எது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். விற்பவர்களில் பலர் பிரிப்பது இருக்கட்டும், லென்ஸைக் கையில்கூட வைத்திருப்பதில்லை, யாரோ கடைக்காரரின் சரக்குக்குப் படம் போட்டு நடுவில் காசு பார்க்கிறார்கள். எக்சலண்ட் என்று போட்டு பக்கத்தில் ஐந்து பிளஸ் குறி. அந்த ஐந்துக்கு என்ன அளவுகோல் என்று யாரும் கேட்பதில்லை, விற்பனைத் தளங்களும் கண்டுகொள்வதில்லை.

மாதிரிப் படங்களையும் நம்பாதீர்கள். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் எந்த ஹேஸும் ஒளிந்துகொள்ளும், ஜன்னலைப் பார்த்து எடுத்தால்தான் சாயம் வெளுக்கும்.

ஹேஸ் வந்த லென்ஸை வாங்கலாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு நிலையில்: பிரித்துத் துடைத்தாயிற்று, துடைத்த பிறகு ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையிலிருந்து, அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து வைத்து, எடுத்த படத்தைக் காட்டுகிறார். “சர்வீஸ் செய்தது” என்ற சொல் போதாது, ஃபோகஸ் வளையத்துக்குக் கிரீஸ் போட்டாலும் அதுதான் பெயர். துடைப்பதற்கு முன் எடுத்த படமும் ஆகாது. கண்ணாடியைத் திரும்ப மாட்டும்போது தப்பாக உட்கார்ந்திருந்தால் ஃபோகஸ் போய்விடும், அதனால் 1 மீட்டரில், முழுசாகத் திறந்து 1.2-ல் எடுத்த படமும் ஒன்று கேளுங்கள். அங்கே மொத்தமே சுமார் 3 செ.மீ. ஆழம்தான் தெளிவாக விழும்.

இந்த லென்ஸை உங்கள் எம்3-ல் மாட்ட அடாப்டர் வேண்டும், அதே காரணத்தால் அதிலும் கஞ்சத்தனம் வேண்டாம். லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரத்தில் ஸ்க்ரூ மவுண்டுக்கும் எம்3-ன் எம் மவுண்டுக்கும் வித்தியாசம் சரியாக 1 மி.மீ., மலிவு அடாப்டர்கள் அதில் பிசகும்.

1.2-தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் கேனன் 50 எஃப்/1.4 பாருங்கள். அதில் இந்த ஹேஸ் தொல்லை குறைவு, முழுசாகத் திறந்தாலும் 1.2-ஐவிடத் தெளிவு. இப்போதைக்கு விற்பவரிடம் அந்த டார்ச் படத்தைக் கேளுங்கள். “பட்டியலில் உள்ள படங்களைப் பாருங்கள்” என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.