மதம் மாற அப்பாவின் சம்மதம் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 24 வயது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். சில மாதங்களுக்கு முன் கலிமா சொல்லி இஸ்லாத்தைத் தழுவினேன். காதலோ கல்யாணமோ காரணமில்லை. ஹிஜாப் அணிகிறேன். "மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்று போலீசில் புகார் கொடுப்பேன், சொத்தில் பங்கும் கிடையாது" என்கிறார் அப்பா. நான் வேலை பார்க்கும் தனியார் அலுவலகத்திலும் முக்காட்டைக் கழற்றச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் மதம் உங்கள் முடிவு. 18 வயது நிரம்பியவருக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. அரசியலமைப்பின் 25-வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. இஸ்லாத்துக்கு மாறிய கேரளப் பெண் ஹாதியாவின் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், வயது வந்த பெண் தன் மதத்தையும் துணையையும் தேர்ந்தெடுப்பதில் பெற்றோரோ நீதிமன்றமோ தலையிட முடியாது என்று தெளிவாகவே சொன்னது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-லேயே திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

அப்பா புகார் கொடுத்தால் பயப்படாதீர்கள். காவல் நிலையத்தில் அழைத்துக் கேட்டால், "நான் மேஜர், யாரும் என்னை வற்புறுத்தவில்லை, சுயவிருப்பத்தில் மாறினேன்" என்று உங்கள் கைப்பட எழுதிக் கொடுங்கள். வேறொருவர் எழுதியதில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். "தோழி சொன்னதால்" என்று ஒரு வரி புகுந்தாலும் அந்தத் தோழிக்குத்தான் தொல்லை. இதே வாசகங்களுடன் நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரமும் இப்போதே எடுத்து வையுங்கள். பெயரை மாற்றுவதாக இருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டும். அதற்கு மதமாற்றச் சான்றிதழ் கேட்பார்கள். வீட்டில் பூட்டி வைத்தால் அது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-வது பிரிவில் குற்றம். பெற்றோர் என்பதற்காக அதில் விலக்கு இல்லை.

சொத்து விஷயத்தில் அப்பா சொல்வது பாதிதான் சரி. அவர் கிறிஸ்தவராக, உயில் எழுதாமல் காலமானால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மதம் மாறிய மகளுக்குப் பங்கில்லை என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் தன் பெயரில் உள்ள சொத்தை உயில் மூலம் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்க அவருக்கு உரிமை உண்டு. அதை நீங்கள் தடுக்க முடியாது.

அலுவலகம்தான் சிக்கல். அடிப்படை உரிமை பெரும்பாலும் அரசுக்கு எதிராகவே நிற்கும். தனியார் நிறுவனத்தின் மீது நேரடியாக ரிட் மனு (அடிப்படை உரிமையைக் காக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போடுவது எளிதல்ல. கல்வி நிலையங்களில் ஹிஜாப் பற்றிய கர்நாடக வழக்கிலேயே 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். எனவே முதலில் உங்கள் பணி நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள். உடை விதி எதுவும் இல்லையென்றால், வாய்மொழி உத்தரவை எழுத்தில் தரும்படி மின்னஞ்சலில் பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் தரப் பலரும் தயங்குவார்கள். சீருடை உள்ள இடம் என்றால், அதே நிறத்தில் தலைத்துணி அணிய அனுமதி கேட்பது நல்ல வழி.

முகத்தையும் மறைக்கும் நிகாப் வேறு விஷயம். பாஸ்போர்ட் படத்தில் மதக் காரணத்துக்காகத் தலையை மூடலாம், முகம் தெரிய வேண்டும். வாக்காளர் பட்டியலுக்கு முகம் தெரியும் புகைப்படம் கேட்பது தவறல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் சொல்லியிருக்கிறது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தருவார்கள். வீட்டில் நிலைமை கைமீறினால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.